அடிக்கு என்ன விலை? தங்கவயலில் ஒரு சமையல் மேடைக் கணக்கு

கிரானைட் கடைக்குள் நுழைகிற எவரும் முதலில் கேட்பது “அடிக்கு எவ்வளவுண்ணா?” என்றுதான். கடைக்காரரும் ஓர் எண்ணைச் சொல்வார். வந்தவர் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லுவார், ஐந்து குறையும், இரண்டு பேருக்கும் திருப்தி. வீட்டில் மேடை போட்டு முடித்த பிறகு மொத்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், பேரம் பேசிய அந்தக் கல் செலவில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மிச்சமெல்லாம் யாரும் பேரம் பேசாத இடங்களில் போயிருக்கும். ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. பழைய சுரங்கக் கம்பெனிக் குடியிருப்புகளான மைன்ஸ் லைன்களில் இருப்பவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

கோலார் தங்கவயலுக்குக் கல் புதிதல்ல. ஆனால் இந்த ஊர் பழகிய கல்தொழில் கிரானைட் தொழிலுக்கு நேர் எதிரானது. தங்கம் இருந்தது வெண்ணிறப் படிகக்கல் நரம்புகளில். அந்த நரம்புகள் ஓடியது கருமையான ஹார்ன்பிளெண்டு பாறைக்குள். ஜான் டெய்லர் கம்பெனி 1880களில் தொடங்கி, 2001 பிப்ரவரி 28 இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும் வரை, மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்திலிருந்து கல்லை மேலே கொண்டுவந்து, இடித்து, மாவாக அரைத்து, சயனைடில் கரைத்து எடுத்த தங்கம் சுமார் 800 டன். டன் கணக்கில் அரைத்தால் கிராம் கணக்கில் தங்கம். கல்லை உடைத்தால்தான் இங்கே காசு. கிரானைட்டில் உடையாமல் எடுத்தால்தான் காசு. அதன் விலையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடு போதும்.

இந்தச் சுரங்கங்களுக்குள்ளும் கிரானைட் இறங்கியிருக்கிறது. ஆழம் போகப் போகப் பாறை வெடிப்பு பெரிய அபாயமானது. மர முட்டுகள் தாங்காத இடங்களில், கொத்திச் சதுரமாக்கிய கிரானைட் கற்களை அடுக்கி, தங்கம் எடுத்த வெற்றிடங்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். தங்கவயலின் பாறை வெடிப்புகளைப் படித்த அனுபவம் உலகச் சுரங்கவியலில் பேசப்படுவது. பாறை இயக்கவியல் தேசிய நிறுவனம் 1988 இல் இந்த ஊரில் தொடங்கப்பட்டதற்குக் காரணமும் அதுதான். பூமிக்கு அடியில் மலையின் பாரத்தைத் தாங்கிய அதே இனக் கல் இன்று கேஸ் அடுப்பையும் மிக்சியையும் தாங்குகிறது. பலத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது விலையைப் பற்றித்தான்.

குவாரியில் வைரக் கம்பி அறுவை வைத்து மலையிலிருந்து பெரிய பாளங்களைப் பிரிக்கிறார்கள். அவற்றில் இயற்கையான விரிசல், நிறம் மாறிய பட்டை, கறை ஆகியவற்றைத் தவிர்த்துச் சதுரமாக்கினால் மிஞ்சுவதுதான் விற்கத்தக்க பிளாக். வெட்டியதில் பெரும்பகுதி கழிவாகக் குவிந்து, ஜல்லியாகவோ கோணக்கல்லாகவோ போகிறது. பிளாக் பெரிதாகவும் ஒரே நிறமாகவும் இருந்தால் ஏற்றுமதிக்கும், பெரிய கேங்சா இயந்திரத்துக்கும் போகும். ஆறடி அகலம், ஒன்பதடி நீளம் என்று பெரிய ஸ்லாபுகள் அதிலிருந்துதான் வரும். சிறிய, கோணலான பிளாக்குகள் கட்டர் இயந்திரத்துக்குப் போய், இரண்டு முதல் இரண்டரை அடி அகலமுள்ள நீளப் பலகைகளாக வெளிவரும். இரண்டும் ஒரே மலைக் கல்லாக இருக்கலாம், ஒரே பளபளப்பு இருக்கலாம். கட்டர் சைஸ் என்பதாலேயே அடிக்கு விலை கணிசமாகக் குறையும். நம் வீட்டுச் சமையல் மேடையின் அகலமோ வழக்கமாக இரண்டடி. கட்டர் சைஸ் நமக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது! இதைச் சொல்லாமல் பெரிய ஸ்லாபை முதலில் காட்டுகிற கடைகளும் உண்டு.

தங்கவயலைச் சுற்றியுள்ள வரைபடத்தைப் பார்த்தால் இவ்வூர்க்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்றே தோன்றும். ஆந்திர எல்லை தாண்டியதும் குப்பம். அந்தப் பெயரிலேயே பச்சை கிரானைட் விற்கிறது. தெற்கே கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் ஊதாவும் சாம்பலும் அலையலையாகச் சுழலும் பாரடைசோ. மேற்கே கனகபுராவின் பலவண்ணக் கல், அதற்கும் அப்பால் சாமராஜநகரின் கறுப்பு, வடக்கே இல்கல்லின் சிவப்பு. ஓங்கோலுக்கு அருகே சீமகுர்த்தியில் எடுக்கும் பிளாக் கேலக்ஸி உலகச் சந்தைக்கே போகிறது. இவற்றில் பலவற்றை அறுத்து மெருகேற்றி விற்கும் பெருஞ்சந்தை பெங்களூரை ஒட்டிய ஜிகணி. மாரிக்குப்பத்திலிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகிற ஆயிரக்கணக்கானவர்களில் யாரையாவது விசாரித்தால், ஜிகணியில் தெரிந்த கடை ஒன்று இருப்பதாகச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

கறுப்பு ஏன் எப்போதும் ஒரு படி மேலான விலையில் நிற்கிறது என்பதற்குச் சந்தைக் காரணத்தோடு அரசாங்கக் காரணமும் உண்டு. கறுப்புக் கல்லின் ஏற்றுமதி மதிப்பைப் பார்த்த தமிழ்நாடு அரசு 1977 இல் சிறுகனிம விதிகளில் 8-சி என்ற விதியைச் சேர்த்து, கறுப்பு கிரானைட் குவாரிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதை நிறுத்தியது. குவாரிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1981 இல் ஹிந்த் ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. பொதுச் சொத்தான மலையை யார் விற்கலாம் என்ற கேள்விக்கு அத்தோடு விடை கிடைத்துவிடவில்லை. 2012 இல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம், மேலூர் வட்டாரத்துக் குவாரிகளில் முறைகேடாக வெட்டியதால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கும் மேல் என்று மதிப்பிட்டு அறிக்கை அனுப்பினார். குளங்களும் கண்மாய்களும் சமணர் மலைகளும் அந்த விவகாரத்தில் அடிபட்டன. கடையில் நாம் கொடுக்கும் விலையில் அந்தக் குளங்களின் விலை சேர்ந்ததே இல்லை.

வரி விஷயம் சுருக்கமானது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மெருகேற்றிய கிரானைட் ஸ்லாபுக்கு 28 சதவீதம் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அது 18 ஆகக் குறைந்தது. 2025 செப்டம்பரில் பிளாக்குகளுக்கு 12 இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தபோது, வீட்டுக்காரர் வாங்கும் ஸ்லாப் 18 இலேயே நின்றுவிட்டது. “பில் வேண்டாம்னா வேற ரேட்” என்ற பேச்சு கடைகளில் கேட்கக் கூடியதுதான். பில் இல்லாமல் வாங்கிய கல்லில் மறுநாள் விரிசல் தெரிந்தால் எதைக் காட்டி மாற்றித் தரச் சொல்வது என்பதையும் அப்போதே யோசித்துக்கொள்ள வேண்டும்.

இனி மேடைக் கணக்கு. எட்டடி நீளம், இரண்டடி அகலம் உள்ள நேர் மேடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சிங்க், மேலே வைக்கும் சாதாரண கேஸ் அடுப்பு. தேவை 16 சதுர அடி. கடையில் கிடைத்த பலகை ஒன்பதடி நீளம், இரண்டரை அடி அகலம் என்றால் அது 22.5 சதுர அடி. பாதிப் பலகையை அறுத்து விற்கும் கடை அபூர்வம். ஆகவே பில் 22.5 சதுர அடிக்கு. கணக்கு எளிதாக இருக்க அடிக்கு 150 ரூபாய் என்று வைத்தால் 3,375 ரூபாய், வரியோடு 3,980 ரூபாய் சொச்சம். பயன்படுத்திய 16 அடிக்கு வகுத்துப் பாருங்கள், அடிக்கு 249 ரூபாய் விழுகிறது. 150 ரூபாய்க் கல் வீட்டுக்குள் வந்து நிற்கும்போது 249 ரூபாய்க் கல்.

மேலே போடும் செலவுகளையும் இதேபோல் உத்தேசமாக வைப்போம். முன்விளிம்பை வளைத்து மெருகேற்றும் மோல்டிங் ரன்னிங் அடிக்கு 80 என்றால் எட்டடிக்கு 640. சிங்க் ஓட்டை வெட்ட 600. டெம்போவும் ஏற்றி இறக்கும் கூலியும் 1,500. மேஸ்திரியும் ஒரு ஆளும் இரண்டு நாளைக்கு 3,200. தாங்கு சுவர் அல்லது தாங்கு கல், சிமெண்டு, மணல் எல்லாம் சேர்ந்து 2,500. கூட்டினால் மொத்தம் 12,400 ரூபாய்க்குச் சற்று மேல். இதில் வரி நீங்கலாகக் கல்லின் பங்கு 27 சதவீதம். இந்த ரேட்டுகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். எல்லாவற்றையும் உங்கள் மேஸ்திரி சொல்லும் எண்களால் மாற்றிப் போட்டுப் பார்த்தாலும் சிறிய மேடையில் கல்லின் பங்கு சிறிதாகவே நிற்கும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. அடிக்குப் பத்து ரூபாய் பேரத்தில் கிடைப்பது வரியோடு 265 ரூபாய், சிங்க் ஓட்டையின் பாதி விலைகூட இல்லை. இன்னொன்று, 150 ரூபாய்க் கல்லுக்குப் பதில் 250 ரூபாய்க் கல் எடுத்தால் கல் விலை மூன்றில் இரண்டு பங்கு ஏறுகிறது, மொத்தச் செலவோ ஐந்தில் ஒரு பங்கு மட்டும்தான் ஏறுகிறது. சிறிய மேடைக்கு மட்டக் கல் வாங்குவது சிக்கனமே அல்ல. சிக்கனம் இருக்கும் இடம் அகலம். பெரிய பாத்திரம் வைக்க வசதியாக இருக்கட்டும் என்று மேடையை 32 அங்குலத்துக்கு இழுத்தால் கட்டர் பலகை போதாது. பெரிய ஸ்லாபுக்குத் தாவ வேண்டும், அல்லது நடுவில் இணைப்பு விழும். தாங்கு சுவர் கட்டுவதற்கு முன்பே கடைக்குப் போய்ப் பலகை அகலத்தை அளந்துகொண்டு வருவதுதான் புத்தி. பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு: சுவரைக் கட்டிவிட்டுக் கல் தேடுவோம்.

மிஞ்சிய அரையடிப் பட்டை கடைக்காரருக்கோ மேஸ்திரிக்கோ போய்விடக் கூடாது. ஜன்னல் அடிப்பட்டைக்கும், மேடைக்குப் பின்னால் சுவரோரம் தண்ணீர் இறங்காமல் நிறுத்தும் பட்டைக்கும் அது போதும். சிங்க்குக்காக அறுத்தெடுத்த துண்டைச் சப்பாத்தி தேய்க்க வைத்துக்கொள்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய.

வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ “இங்கே சதுர அடிக்கு ஐம்பது டாலர்” என்று சொல்லும்போது பெரியவர்கள் மலைத்துப்போகிறார்கள். அங்கே சொல்வது அறுத்து, மெருகேற்றி, கொண்டுவந்து பொருத்திக் கொடுக்கும் விலை. இங்கே சொல்வது கடை வாசலில் சாய்த்து வைத்த வெறும் கல்லின் விலை. கல்லின் கனமும் வேறு. அங்கே 30 மில்லிமீட்டர் வழக்கம், இங்கே 16 முதல் 18. இரண்டையும் நேராக ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஆனால் அந்த முறையில் ஒரு நன்மை உண்டு: முழுச் செலவும் முதலிலேயே ஒரே எண்ணாகத் தெரிந்துவிடும். இங்கேயும் மேஸ்திரியிடம் “முடிச்சுக் குடுக்க என்ன ஆகும்ணா?” என்று மொத்தமாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

எந்தக் கல் என்ற கேள்விக்கு விலையைவிடப் புளிதான் நல்ல வழிகாட்டி. மக்ரானாவானாலும் இத்தாலியானாலும் மார்பிள் சுண்ணாம்புக் கல்லின் மாற்றுருவம். எலுமிச்சை, புளிக்கரைசல், தக்காளி எது சிந்தினாலும் அமிலம் அதை அரித்து மங்கலான வட்டம் போட்டுவிடும். ரசம் வைக்கும் வீட்டில் மார்பிள் மேடை என்பது எனக்குப் புரியாத ஆசை. பூஜை அலமாரிக்குப் போடட்டும். கடப்பா கல்லும் சுண்ணாம்பு இனம்தான், அதுவும் புளிப்பில் வெளுக்கும். ஆனால் சாதாரண கிரானைட்டில் பாதி விலைகூட இருக்காது. மேடைக்கு அடியில் தாங்கு பலகையாகவும் அலமாரித் தட்டாகவும் அதற்கு இணையில்லை. கிரானைட் என்று விற்பவை சிலிக்கேட் பாறைகள். சமையலறை அமிலம் அவற்றை ஒன்றும் செய்யாது. வெளிர் நிறக் கிரானைட்டுகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மதுரைப் பக்கத்திலிருந்து வரும் காஷ்மீர் ஒயிட் போன்றவை நீரையும் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சும். சீலர் பூசாமல் போட்டால் ஒரே வருடத்தில் அடுப்பைச் சுற்றி எண்ணெய்த் திட்டு விழும்.

கறுப்பில் வேறு சங்கடம். சாம்பல் கலந்த மட்டமான கல்லுக்குச் சாயமேற்றி முழுக்கறுப்பென்று விற்பது தொழிலில் தெரிந்த தந்திரம். வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து மூலையில் அழுத்தித் தேய்த்தால் துணி சொல்லிவிடும். விரிசலுக்கும் எளிய சோதனை இருக்கிறது. பலகை முழுக்கத் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். மற்ற இடமெல்லாம் உலர்ந்த பிறகும் ஈரம் ஒரு கோடாக நின்றால் அதுதான் விரிசல். பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். தங்கவயலில் கறுப்புக்கு இன்னோர் எதிரி காற்று. காற்றுக் காலத்தில், தங்கம் எடுத்த பிறகு குவித்த கழிவுத் தூளான சயனைட் மேடுகளிலிருந்து கிளம்பும் வெண்புழுதி காலையில் துடைத்த கறுப்பு மேடையில் மத்தியானமே தெரியும். சாம்பலும் பழுப்பும் கலந்த புள்ளிக் கல் இந்த ஊருக்கு நிம்மதி, விலையும் குறைவு.

இப்போது கடைகளில் குவார்ட்ஸ் என்ற பெயரில் வெள்ளை வெளேரென்ற பலகைகள் நிற்கின்றன. படிகக்கல் தூளைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்தவை. கறை பிடிப்பது குறைவு. ஆனால் கொதிக்கிற குக்கரை நேராக இறக்கினால் பிசின் கருகும். பொதுவாக உள்ளூர்க் கிரானைட்டைவிட விலையும் கூடுதல். தங்கவயல்காரர் அதைப் பற்றி யோசிக்க வேறு காரணமும் உண்டு. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் 1947 இல் பதிவானது கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம். படிகக்கல் தூசு நுரையீரலில் படிந்து, மூச்சை ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கொல்லும் அந்த நோய்க்குத் தாத்தாவையோ தகப்பனையோ கொடுத்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. கிரானைட்டில் படிகச் சிலிக்கா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் அது 90 சதவீதத்தையும் தாண்டும். அதை அறுக்கும் இளம் தொழிலாளர்கள் சில ஆண்டுகளிலேயே நோயில் விழுந்ததைப் பார்த்த ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அத்தகைய பலகைகளைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்தது.

சமையல் மேடையில் கல்லைப் பொருத்தி முடித்த பிறகு அதன் மேல் சோறு வடிப்பவருக்கு ஆபத்தில்லை. ஆபத்து வாசலில் கிரைண்டர் பிடித்து உட்கார்ந்திருப்பவருக்கு. கடையில் நீர் பீய்ச்சியபடி அறுப்பதும், நம் வீட்டுத் திண்ணையில் உலர்ந்த கல்லில் கிரைண்டர் ஓட்டுவதும் ஒன்றல்ல. சிங்க் ஓட்டையையும் மோல்டிங்கையும் அளவு கொடுத்துக் கடையிலேயே முடித்து எடுத்து வந்தால் சில நூறு ரூபாய் கூடும். ஓட்டை வெட்டிய கல் வழியில் ஒடிய வாய்ப்பும் கொஞ்சம் அதிகம், படுக்கவைக்காமல் நிறுத்தியே கொண்டுவர வேண்டும். வீட்டில்தான் வெட்டியாக வேண்டுமென்றால் ஒருவர் வெட்டுமிடத்தில் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கட்டும். முகத்தில் துண்டு கட்டுவது சிலிக்காத் தூசைத் தடுக்காது. பில்லில் ஏறாத இந்தச் செலவை ஏற்காமல் மேடை மலிவாக முடிந்தது என்று சொல்லிக்கொள்ள, இந்த ஊரில் யாருக்கும் வாய் வரக்கூடாது என்பது என் எண்ணம்.

கடைசியாக லைன் வீடுகள். மைன்ஸ் மூடி கால் நூற்றாண்டு ஆகிறது. கம்பெனிக் குடியிருப்புகளை இருப்பவர்களுக்கே சொந்தமாக்கித் தரவேண்டும் என்ற கோரிக்கை அத்தனை காலமும் மனுவாகவும் வழக்காகவும் நடந்துகொண்டிருக்கிறது. பத்திரம் கையில் இல்லாத வீட்டில் பன்னிரண்டாயிரம் ரூபாய் மேடையைச் சிமெண்டு போட்டு இறுக்கலாமா? ராபர்ட்சன்பேட்டையில் சொந்த வீடு உள்ளவரிடம் கேட்கத் தேவையில்லாத கேள்வி இது. லைனில் இருப்பவருக்கு முதல் கேள்வியே இதுதான். போடவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இடுப்பொடியத் தரையில் குந்திச் சமைத்த தலைமுறைக்குப் பின் ஒரு பெண் நின்றபடி சமைக்க நினைப்பதைப் பட்டா வரும்வரை தள்ளிவை என்பது நியாயமில்லை.

அதற்கு இரும்புச் சட்டம் நல்ல வழி. ஆங்கிள் இரும்பில் மேசைபோல் சட்டம் செய்து, இரண்டரை அடிக்கு ஒரு குறுக்குக் கம்பி கொடுத்து, மேலே தண்ணீர் தாங்கும் பிளைவுட் ஒன்று போட்டு, அதன் மேல் கல்லை சிலிகான் பசையில் உட்காரவைத்தால் சுவரை உடைக்காமல் என்றைக்கும் கழற்றலாம். பதினாறடிக் கல் எண்பது கிலோவுக்குள் நிற்கும். அதையும் இரண்டு துண்டாகப் போட்டால், டெம்போ நுழையாத லைன் சந்துகளில் இரண்டு பேர் தூக்கிவிடலாம். இணைப்பு சிங்க் ஓட்டையின் மேல் விழாமல், அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே குறுக்குக் கம்பியின் மேல் விழும்படி அளவு கொடுக்க வேண்டும். சட்டத்துக்கு ஆகும் செலவு, தாங்கு சுவருக்கும் மேஸ்திரியின் ஒரு நாள் கூலிக்கும் ஆகியிருக்கும் தொகையைவிடச் சற்றுக் கூடுதலாக வரலாம். வெல்டிங் பட்டறையில் அளவைக் கொடுக்கும்போது துரு தடுக்கும் பிரைமர் இரண்டு கோட் அடிக்கச் சொல்ல மறக்க வேண்டாம். சிங்க்குக்கு அடியில் ஈரம் நிற்கும் இடத்தில்தான் சட்டம் முதலில் அரிக்கும்.